காய்ச்சல் விட்டது, ஆள் எழுந்திரிக்கவில்லை

"உடம்பு முடியலை" என்று தமிழில் சொல்கிறோமே, அதை இந்தியில் எப்படிச் சொல்வீர்கள்? புனேக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "தபியத் டீக் நஹீ" என்றால் பொத்தாம்பொதுவாக உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். "தகான்" என்றால் களைப்பு, ராத்திரி தூங்கினால் போய்விடும். "கம்ஜோரி" என்று சொன்னால் டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்துவிடுவார். நம்மூரில் அலுப்பு வேறு, அசதி வேறு, களைப்பு வேறு, சோர்வு வேறு. "முடியலை" என்பது இது எல்லாவற்றுக்கும் மேலே. டெல்லியிலோ மும்பையிலோ இருக்கிற உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். மராட்டி டாக்டரின் முன்னால் உட்கார்ந்து வார்த்தைக்குத் தடவுவதைப் போல ஒரு கஷ்டம் கிடையாது.

ஆனால் டாக்டர்களுக்கே வார்த்தை கிடைக்காமல் தடவிய கதை ஒன்று இருக்கிறது. வைரஸ் காய்ச்சல் வந்து போன பிறகு, மாதக்கணக்காக, வருஷக்கணக்காக எழுந்திரிக்க முடியாமல் போகிறவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எழுபது வருஷமாக நடக்கிற சண்டை. கொரோனா வந்த பிறகு "லாங் கோவிட்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது புதுசு இல்லை. அதற்கு முன்னால் வந்த பெயர்களையும், அந்தப் பெயர்களால் பட்டவர்களையும் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. கணக்குத் தணிக்கை பண்ணிப் பிழைக்கிறவன். அடுத்தவர்களின் பழைய ஃபைல்களைப் படிப்பதுதான் தொழில். இந்தக் கதையிலும் ஃபைல்கள் நிறைய வருகின்றன. ஒரு இடத்தில் நிஜமான ஆடிட் ரிப்போர்ட்டே வருகிறது. எனக்கு இதில் பிடிப்பு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

லண்டன், கிரேஸ் இன் ரோடு, ராயல் ஃப்ரீ மருத்துவமனை. 1955 ஜூலை 13-ஆம் தேதி அங்கேயே வேலை பார்த்த ஒரு டாக்டரும் ஒரு வார்டு சிஸ்டரும் நோயாளியாக அட்மிட் ஆனார்கள். அடுத்தடுத்த நாட்களில் வரிசையாக நர்சுகள். ஜூலை 25-க்குள் எழுபது பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரியை இழுத்து மூடினார்கள். திரும்பத் திறந்தது அக்டோபர் 5-ஆம் தேதி. நவம்பர் வரை எடுத்த கணக்கில் பாதிக்கப்பட்ட ஊழியர்கள் 292 பேர். அதில் 255 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. வேடிக்கை என்னவென்றால், ஏற்கெனவே அங்கே படுக்கையில் இருந்த நோயாளிகளில் இது வந்தது வெறும் 12 பேருக்கு. நோயாளி நன்றாக இருக்கிறார், பார்த்துக்கொள்ள வேண்டிய நர்சு பக்கத்துக் கட்டிலில் கிடக்கிறார்!

காய்ச்சல் ஒன்றும் பெரிய காய்ச்சல் இல்லை. தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டுவது, தலைவலி, தலைசுற்றல், வாந்தி. அதற்குப் பிறகு ஆரம்பித்ததுதான் விவகாரம். தாங்க முடியாத தசைவலி, கைகால் மரத்துப்போவது, தசைகளில் பலவீனம், பார்வை இரண்டாகத் தெரிவது. விவரமாக ஆராய்ந்த கேஸ்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேரிடம் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டதற்கான அடையாளங்களை டாக்டர்களே பரிசோதித்துக் குறித்து வைத்திருக்கிறார்கள். போலியோவுக்கு எல்லோரும் நடுங்கிய காலம் அது. சால்க் தடுப்பூசி வேலை செய்கிறது என்று அமெரிக்காவில் அறிவித்ததே அந்த வருஷம் ஏப்ரலில்தான். ஆனால் இது போலியோ இல்லை. போலியோ மாதிரி தசை சூம்பவில்லை. யாரும் சாகவில்லை. ரத்தம், முதுகுத் தண்டு நீர் எல்லாம் எடுத்துத் தேடிப் பார்த்தார்கள், எந்த வைரஸும் மாட்டவில்லை.

நிறையப் பேர் சில வாரங்களில், சில மாதங்களில் தேறிவிட்டார்கள். கொஞ்சம் பேர் தேறவே இல்லை. ஒருநாள் நன்றாக இருப்பார்கள், எழுந்து நாலு வேலை பார்ப்பார்கள், மறுநாள் திரும்பப் படுக்கை.

அந்த மருத்துவமனைக் குழுமத்தில் தொற்றுநோய்ப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்வின் ராம்சே. ஜூலைக்கு முன்பே வடக்கு லண்டனில் வெளியாட்கள் சிலரிடம் இதே நோயை அவர் பார்த்திருந்தார். ஆக, ஆஸ்பத்திரிக்குள் பிறந்த நோய் இல்லை இது, வெளியிலிருந்து உள்ளே வந்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

தேடிப் பார்த்தால் இதற்கு முன்னாலும் நடந்திருக்கிறது. 1934-ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி பொது மருத்துவமனையில் 198 ஊழியர்கள். 1948-ல் ஐஸ்லாந்தின் அக்குரேரி என்ற சின்ன ஊரில் நானூறு பேருக்கு மேல். 1956-ல் 'லான்செட்' இதழ் ஒரு தலையங்கம் எழுதியது. எழுதியவர் பெயர் போடவில்லை. டொனால்ட் அச்செசன் என்ற இளம் டாக்டர் அவர், பிற்காலத்தில் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக ஆனார். அதில் அவர் வைத்த பெயர் 'பினைன் மையால்ஜிக் என்செஃபலோமைலைட்டிஸ்'. தமிழில் சொன்னால் தசைவலியோடு கூடிய மூளை, தண்டுவட அழற்சி. முன்னால் இருக்கிற 'பினைன்' என்பதற்கு அர்த்தம் 'தீங்கற்ற'. ஏன் என்றால் யாரும் சாகவில்லையாம். பத்து வருஷமாகப் படுத்துக் கிடக்கிறவரிடம் போய் உங்களுக்கு வந்திருப்பது தீங்கற்ற நோய் என்று சொன்னால் எப்படி இருக்கும்? ராம்சே பிற்பாடு அந்த வார்த்தையைத் தூக்கி எறிந்துவிட்டார். மிச்சம் இருப்பதன் சுருக்கம்தான் எம்.ஈ.

1969-ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் இதை நரம்பு மண்டல நோய்களின் கீழ் சேர்த்தது. அப்பாடா, பெயரும் கிடைத்தது, இடமும் கிடைத்தது என்று நினைப்பீர்கள். அடுத்த வருஷமே வந்தது வினை.

1970 ஜனவரி 3, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல். காலின் மெக்கிவடி, ஏ.டபிள்யூ. பியர்ட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். ராயல் ஃப்ரீயில் 1955-ல் நடந்தது தொற்றுநோயே இல்லை, கூட்டு ஹிஸ்டீரியா என்பது அவர்கள் தீர்ப்பு. என்ன ஆதாரம்? ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வந்திருக்கிறது. காய்ச்சல் கொஞ்சம், முனகல் நிறைய. கையுறை, காலுறை போட்ட மாதிரி மரத்துப்போனதாகச் சொல்கிறார்கள், நரம்புகள் ஓடும் விதத்தோடு அது பொருந்தவில்லை. பரிசோதனைகளில் ஒன்றும் அகப்படவில்லை. ஆகையால் ஹிஸ்டீரியா. 'மையால்ஜியா நெர்வோசா' என்று ஒரு புதுப் பெயரையும் சிபாரிசு செய்தார்கள்.

இந்தக் கட்டுரைக்காக அவர்கள் ஒரு நோயாளியைக்கூடப் பரிசோதிக்கவில்லை. பதினைந்து வருஷத்துப் பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்துப் படித்துவிட்டு எழுதினார்கள். எங்கள் தொழிலில் ஸ்டாக் வெரிஃபிகேஷன் என்று ஒன்று உண்டு. லெட்ஜரில் ஆயிரம் மூட்டை என்று எழுதியிருந்தால், குடோனுக்குப் போய் மூட்டையை எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். லெட்ஜரை மட்டும் பார்த்து "குடோனில் மூட்டையே இல்லை" என்று எழுதுகிறவனுக்கு லைசென்ஸ் இருக்காது.

மெக்கிவடியைச் சும்மா திட்டிவிட்டுப் போகவும் எனக்கு மனசு வரவில்லை. மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. சரித்திரப் பைத்தியங்களுக்கு அவரை வேறு விதமாகத் தெரிந்திருக்கும். பெங்குவின் வெளியிட்ட உலக வரலாற்று அட்லஸ்கள் அவர் போட்டவைதான். உலக மக்கள்தொகை வரலாறு பற்றிய அவரது அட்லஸை இன்றைக்கும் ஆட்கள் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் 1965-ல் பிளாக்பர்ன் ஊரில் பள்ளிக்கூடப் பெண்கள் கூட்டமாக மயங்கி விழுந்ததை ஆராய்ந்து, அது ஹிஸ்டீரியா என்று முன்பே எழுதியிருந்தார். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். அடுத்து ராயல் ஃப்ரீ.

பெண்களுக்கு அதிகம் வந்தது என்கிற வாதத்தைப் பாருங்கள். லண்டனில் முதன்முதலில் பெண்களை மருத்துவ மாணவிகளாக உள்ளே விட்ட ஆஸ்பத்திரி ராயல் ஃப்ரீ, 1877-ல். மாணவிகள், நர்சுகள், டாக்டரம்மாக்கள் என்று பெண்கள் நிறைந்த இடம். நர்சுகள் விடுதியில் கும்பலாகத் தங்கியிருந்தவர்கள். தொற்றுநோய் வந்தால் அங்கேதானே முதலில் வரும்? நம்மூர் ஹாஸ்டலில் ஒரு பெண்ணுக்கு அம்மை போட்டால் வரிசையாக எல்லோருக்கும் போடும், அதற்கு யாரும் ஹிஸ்டீரியா என்று சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்கு வெளியே ராம்சே முன்பே பார்த்த கேஸ்கள் இருக்கின்றன. அவர்கள் யாரைப் பார்த்து பயந்து ஹிஸ்டீரியா வரவழைத்துக்கொண்டார்களாம்?

நோயாளிகளை நேரில் பார்த்த டாக்டர்கள் காரசாரமாக மறுப்புக் கடிதங்கள் எழுதினார்கள். ஒன்றும் எடுபடவில்லை. அடுத்த இருபது வருஷம் மருத்துவ மாணவர்கள் படித்தது ஹிஸ்டீரியா கதையைத்தான். ராம்சே விடவில்லை. 1978-ல் லண்டனில் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் இந்த நோய்க்காகவே ஒரு கருத்தரங்கு நடந்தது. நோயாளிகள் சேர்ந்து ஆரம்பித்த சங்கத்தோடு அவர் கடைசிவரை நின்றார். 1986-ல் ராயல் ஃப்ரீ கதையைப் புத்தகமாக எழுதினார். ஆரம்பத்திலேயே முழு ஓய்வு எடுத்தவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள், இழுத்துப் பிடித்து வேலைக்குப் போனவர்கள் கெட்டார்கள் என்பது முப்பது வருஷம் பார்த்து அவர் கண்டது. 1990-ல் இறந்துபோனார்.

இதே கதை அமெரிக்காவில் வேறு வேஷத்தில் நடந்தது. 1984, 85-ல் நெவாடா மாநிலத்தில் டாஹோ ஏரிக்கரையில் இன்க்ளைன் வில்லேஜ் என்ற ஊரில் பால் செனி, டேனியல் பீட்டர்சன் என்ற இரண்டு டாக்டர்களிடம் ஃப்ளூ மாதிரி வந்து விடாமல் படுத்தவர்கள் வரிசையாக வந்தார்கள். அட்லாண்டாவிலிருந்து சிடிசி ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 1988-ல் ஒரு குழு கூடி 'க்ரானிக் ஃபெட்டிக் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்தது. அதாவது நாள்பட்ட களைப்பு நோய்! காரணம் தெரியாததால் பொதுவாக இருக்கட்டும் என்று வைத்த பெயர். நல்ல எண்ணம்தான். ஆனால் களைப்பு யாருக்குத்தான் இல்லை? பத்திரிகைகள் அதற்குள் 'யப்பி ஃப்ளூ' என்று கேலிப் பெயர் வைத்துவிட்டன, நல்ல சம்பளம் வாங்குகிற நகரத்து இளசுகளுக்கு வரும் சொகுசு நோயாம்.

ஆடிட் ரிப்போர்ட் என்று சொன்னேனே, இங்கேதான் வருகிறது. இந்த நோயின் ஆராய்ச்சிக்கென்று அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கிய பணம் வேறு வழியில் போகிறது என்று சிடிசியில் அந்தப் பிரிவின் தலைவராக இருந்த வில்லியம் ரீவ்ஸே 1998-ல் புகார் கொடுத்தார். 1999-ல் அரசாங்கத் தணிக்கை அறிக்கை வந்தது. 1995 முதல் 98 வரை இந்த நோயின் பேரில் எழுதிய செலவு 2.27 கோடி டாலர். அதில் 88 லட்சம் டாலர் வேறு வேலைகளுக்குப் போயிருக்கிறது. இன்னொரு 41 லட்சத்துக்குச் சரியான கணக்கே இல்லை. பாதிக்கு மேல் அம்பேல். பெயரிலேயே மரியாதை இல்லாத நோய்க்கு ஒதுக்கிய பணத்துக்கு எவன் காவல் இருப்பான்? இப்படிப்பட்ட ரிப்போர்ட்டைப் படிக்கும்போது எனக்கு வரும் கோபம் தங்கமணிக்குப் புரிவதில்லை, "உங்க பணமா போச்சு?" என்கிறார்.

நிற்க. கொஞ்சம் நம் பக்கம் வருவோம்.

2006 ஞாபகம் இருக்கிறதா? சிக்குன்குனியா. அந்த ஒரு வருஷத்தில் இந்தியாவில் சுமார் 13.9 லட்சம் பேருக்கு வந்ததாக அரசுக் கணக்கு. மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா, தமிழ்நாடு எல்லாம் அடி வாங்கின. இந்த வைரஸ் நமக்குப் புதுசு இல்லை, 1963-ல் கல்கத்தாவிலும் 64-ல் சென்னை, வேலூர்ப் பக்கமும் வந்து போனதுதான். பெயர் இன்றைய தான்சானியாவில் மக்கோண்டே மக்கள் பேசும் மொழியிலிருந்து வந்தது, 'வளைந்து போகச் செய்வது' என்று அர்த்தம். 1952-ல் அங்கே வந்த நோயைப் பற்றிய கட்டுரைகள் வெளியானதும் 1955-ல்தான், ராயல் ஃப்ரீ மூடிய அதே வருஷம். தமிழ்க் காதுக்கு அது 'குனியா' என்று விழுந்ததால், "குனியவே முடியலைங்க, அதான் குனியா" என்று ஊரில் விளக்கம் சொன்னார்கள் :-)

காய்ச்சல் நாலு நாளில் விட்டது. மூட்டுவலி பலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நின்றது. ஆனால் ஒருவரையும் "சும்மா நடிக்கிறே" என்று யாரும் சொல்லவில்லை. ஏன்? மூட்டு வீங்கியது கண்ணுக்குத் தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பது தெரிந்தது. ஊரே அப்படி நடந்தது. நோய்க்கு ஒரு பெயரும் இருந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் முதலாளி லீவு கொடுத்தார், மருமகள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

அதே 2006-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. என் கணக்கில் இந்த விஷயத்தில் வந்த மிக நேர்மையான ஆய்வு அதுதான். டப்போ என்ற ஊரில், மூன்று வேறு வேறு தொற்றுகள் வந்த 253 பேரை நோயின் முதல் நாட்களிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். ஒன்று கிளாண்டுலர் காய்ச்சல் கொடுக்கும் எப்ஸ்டைன் பார் வைரஸ். இன்னொன்று ராஸ் ரிவர் வைரஸ், நம் சிக்குன்குனியாவின் பங்காளி. மூன்றாவது க்யூ காய்ச்சல், அது பாக்டீரியா. மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்தும் தேறாமல் கிடந்தவர்கள் 12 சதவீதம், மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே விகிதம். யார் தேறவில்லை? முதல் காய்ச்சல் யாருக்குக் கடுமையாக இருந்ததோ அவர்கள். அவர்களுடைய மனநிலையோ சுபாவமோ அதை நிர்ணயிக்கவில்லை.

லெட்ஜர் படிக்காமல் குடோனுக்குப் போய் எண்ணியவர்கள் இவர்கள்.

2021 ஏப்ரல், மே. எங்கள் அபார்ட்மென்டில் கோவில்பட்டிக்காரர் ஒருவர், முப்பத்தெட்டு வயசு, காலையில் பேட்மின்டன் ஆடாமல் ஆபீஸ் போகாத ஆள். கொரோனா வந்தது. ஆஸ்பத்திரிக்குக்கூடப் போகவில்லை, வீட்டிலேயே இருந்து பதினைந்து நாளில் நெகட்டிவ். ஆகஸ்டில் அவரைப் படிக்கட்டில் பார்த்தேன், இரண்டாவது மாடியில் உட்கார்ந்திருந்தார். "அண்ணாச்சி, பல்லு வெளக்கிட்டு வந்து உக்காந்தா மூட்டை தூக்குன மாரி இருக்கு. நேத்து பையனை ஸ்கூல் புக் வாங்கக் கூட்டிட்டுப் போனேன், இன்னைக்கு நாள் பூரா எந்திரிக்க முடியல" என்றார். எக்ஸ்ரே, ஈசிஜி, தைராய்டு, ரத்தம் எல்லாம் நார்மல். பார்த்த டாக்டர் டென்ஷனைக் குறையுங்கள் என்றார். அவர் கம்பெனியில் மெடிக்கல் லீவுக்கு நோயின் பெயர் வேண்டும் என்றார்கள். கொரோனா என்று போட முடியாது, நெகட்டிவ் ஆகிவிட்டதே. வேறு என்ன போடுவது? ஃபாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்ததற்கு இரண்டரை மாதச் சம்பளம் போயிற்று. அதைவிட, ஊரிலிருந்து வந்த அவர் அப்பா, "வயசுப் புள்ள இப்படியா படுத்துக் கிடப்பான்" என்று எல்லோர் முன்னாலும் கேட்டதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அவர் சொன்னதில் முக்கியமான விஷயம் எது தெரியுமா? 'நேற்று செய்தேன், இன்று படுத்துவிட்டேன்' என்பது. சாதாரணக் களைப்பு வேலை செய்யும்போது வரும், தூங்கினால் போகும். இது ஒரு நாள் விட்டு வந்து வசூலிக்கும், மீட்டர் வட்டி போட்டு. 1955-லிருந்து நோயாளிகள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015-ல்தான் அமெரிக்க மருத்துவக் கழகம் ஒன்பதாயிரம் கட்டுரைகளுக்கு மேல் அலசி, இந்த நோயின் அடிப்படை அடையாளம் அதுதான் என்று எழுதியது. அமெரிக்காவில் மட்டும் 8.36 லட்சத்திலிருந்து 25 லட்சம் பேர் வரை இருக்கலாம், பெரும்பாலோருக்கு யாரும் நோயைக் கண்டுபிடித்துச் சொல்லவே இல்லை என்றும் எழுதியது. கம்ஜோரி என்று சொல்லாமல் "ஆஜ் காம் கியா தோ கல் உட் நஹீ பாதா" என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். அடுத்து பார்த்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம்.

நடுவில் நடந்த இரண்டு கூத்துகளையும் சொல்ல வேண்டும். 2009 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. இந்த நோயாளிகள் 101 பேரில் 67 சதவீதம் பேர் ரத்தத்தில் எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸ் இருக்கிறது என்றது. உலகம் பூராவும் நோயாளிகள் அழுதார்கள், சந்தோஷத்தில். கடைசியில் பார்த்தால் அந்த வைரஸ் ஆய்வுக்கூடத்திலேயே ஒட்டிக்கொண்ட அழுக்கு. 2011 டிசம்பரில் கட்டுரையை வாபஸ் வாங்கினார்கள்.

அதே 2011-ல் பிரிட்டனில் 'பேஸ்' என்ற பெரிய ஆய்வு லான்செட்டில் வந்தது. 641 நோயாளிகள். மனநல ஆலோசனையும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகும் உடற்பயிற்சியும்தான் மருந்து என்றார்கள். பயந்துபோய் படுத்துப் படுத்தே உடம்பு கெட்டுவிட்டது, எழுந்து நடந்தால் சரியாகும் என்பது உள்ளே இருக்கிற எண்ணம். மெக்கிவடியின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி செய்து மோசமானோம் என்று நோயாளிகள் கத்தினார்கள். ஆய்வின் நடுவில் 'குணமானவர்' என்பதற்கான அளவுகோலைத் தளர்த்தியிருப்பதை ஆஸ்திரேலியாவில் இருந்த ஒரு நோயாளி கவனித்து, மூலத் தகவல்களைக் கேட்டு மனு போட்டார். பல்கலைக்கழகம் தர மறுத்தது. 2016-ல் தீர்ப்பாயம் கொடு என்றது. பழைய அளவுகோலில் திரும்பக் கணக்குப் போட்டால், குணமானவர்கள் 22 சதவீதம் என்றது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. படுக்கையில் கிடந்த மனிதர் செய்த ஆடிட் இது! 2021 அக்டோபரில் பிரிட்டனின் நைஸ் அமைப்பு அந்த உடற்பயிற்சி சிகிச்சையைச் சிபாரிசிலிருந்து எடுத்துவிட்டது. உடம்பில் இருக்கிற சக்திக்குள் வேலையை நிறுத்திக்கொள்ளுங்கள் என்பது இப்போதைய அறிவுரை. ராம்சே சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

கொரோனா விஷயத்தில் ஒரு மாற்றம். பெயரை இந்த முறை டாக்டர்களுக்கு முன்னால் நோயாளிகளே வைத்துவிட்டார்கள். 2020 மே மாதம் எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர், தானே நோயாளி, ட்விட்டரில் 'லாங் கோவிட்' என்று எழுதினார். அது பற்றிக்கொண்டது. நோயாளிகளே கேள்வித்தாள் தயாரித்து 56 நாடுகளில் 3,762 பேரிடம் தகவல் வாங்கி 2021-ல் வெளியிட்டார்கள். 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் முறையான வரையறை கொடுத்தது, கொரோனா வந்து மூன்று மாதத்துக்குப் பிறகும், குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கும், வேறு காரணம் சொல்ல முடியாத தொந்தரவுகள் என்று. நோய்ப்பட்டியலில் யு09 என்று ஒரு எண்ணும் உண்டு. நம் சுகாதார அமைச்சகமும் கொரோனாவுக்குப் பிந்தைய பாதிப்புகளுக்கு வழிகாட்டிக் குறிப்புகள் வெளியிட்டது. ஃபாரத்தில் காலியாக இருக்கிற கட்டத்தில் எழுத வேண்டியது அந்த யு09-தான். உங்கள் வீட்டில் யாருக்காவது தேவைப்பட்டால் டாக்டரிடம் கேளுங்கள்.

2020 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் லாங் கோவிட் ஆராய்ச்சிக்கு 115 கோடி டாலர் ஒதுக்கியது. 88 லட்சத்தை வேறு செலவுக்குத் திருப்பிய காலத்தை நினைத்துப் பாருங்கள். (இதிலும் காசு போன அளவுக்கு மருந்து வரவில்லை என்று நோயாளிகள் சண்டை போடுகிறார்கள், அது தனிக் கதை.)

ராயல் ஃப்ரீ கதைக்கு ஒரு பின்கதை உண்டு. 1955-ல் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்து, நோய் வந்தவர்கள் உட்படப் பலரிடம் பேட்டி எடுத்து, ரோஸ்மேரி அண்டர்ஹில், ரோஸ்மேரி பெய்லட் என்ற இரண்டு பெண் டாக்டர்கள் 2021-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1970 கட்டுரையின் ஒவ்வொரு வாதத்தையும் எடுத்து வைத்து, இந்தச் சாட்சியங்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். நடந்தது தொற்றுநோய்தான் என்பது அவர்கள் முடிவு. பேசியவர்கள் எல்லாம் எண்பதைத் தாண்டியவர்களாக இருந்திருக்க வேண்டும். எந்தக் கிருமி என்பது மட்டும் இன்னும் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை.

2025 ஆகஸ்டில் எடின்பரோவிலிருந்து 'டிகோட்எம்ஈ' ஆய்வின் முதல் முடிவுகள் வந்தன. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட எம்.ஈ. நோயாளிகளின் மரபணுக்களை, நோய் இல்லாதவர்களுடையதோடு ஒப்பிட்டதில் எட்டு இடங்களில் வித்தியாசம் தெரிகிறது. அதில் சில, தொற்றை உடம்பு எதிர்கொள்ளும் விதத்தோடும் நரம்பு மண்டலத்தோடும் சம்பந்தப்பட்டவை. இவை கூட்டத்தை மொத்தமாக வைத்துப் பார்த்தால் தெரிகிற வித்தியாசங்கள், தனி ஆளைச் சோதிக்க உதவாது. ரத்தத்தைக் கொடுத்துவிட்டு இந்த நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு பரிசோதனை இன்றைக்கும் எந்த லேபிலும் கிடையாது. சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கப் போனால், இப்போதும் எல்லாம் நார்மல் என்றுதான் வரும்.